நாற்பத்தொன்றாவது டோக்கன்

அத்தியாயம் 4

நாற்பத்தொன்றாம் நம்பர் பெண்ணுக்கு இன்னும் இருபத்து மூன்று மணி நேரம்தான் இருந்தது. அவள் யாரென்று எனக்குத் தெரியாது.

செயலாளர் அம்மா அந்தப் பழுப்புக் கவரை மேஜையின் நடுவில் வைத்தார். அதன் மூலையில் சிவப்பு முத்திரை. மற்ற ஐம்பத்தொன்பது கவர்களையும் உரியவர்கள் வந்து வாங்கிப் போய்விட்டார்கள். இது மட்டும் மூன்று வாரமாக அலமாரியிலேயே கிடந்தது.

“நாளைக்குக் காலைல பத்து மணி,” என்றார் செயலாளர் அம்மா. “அதுக்குள்ள பேர் குடுக்கலைன்னா அஞ்சாவது இடத்தை வேற ஊருக்குக் குடுத்துடுவாங்க.”

எங்கள் சென்டர் ஒரு டயர் கடைக்கு மேலே, மாடியில், இரண்டு அறை. புற்றுநோய் வந்த பெண்களுக்கு ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்காருவோம். முடி கொட்டினவர்களுக்கு விக் இரவல் தருவோம். இந்த வருஷம் முழுக்கப் பழைய துணி சேகரித்து, துவைத்து, விற்று, அதில் சேர்ந்ததை வைத்து மார்பகத்தைப் படம் எடுத்துப் பார்க்கிற மேமோகிராம் பஸ் ஒன்றை ஒரே ஒரு நாளுக்கு வரவழைத்தோம். ஊரில் பாதிப் பேர் மீதிப் பாதிப் பேரின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிவதற்கு நாங்கள்தான் காரணம்.

பஸ் வந்த அன்று ஒரு விதி வைத்திருந்தோம். பேர் கேட்க மாட்டோம். அதற்கு முந்தைய முகாமில் பேரும் விலாசமும் கேட்டு எழுதினார்கள். வந்தது ஒன்பது பேர். அதிலும் இரண்டு பேர் பாத்ரூம் எங்கே என்று கேட்க வந்தவர்கள். அதனால் இந்தத் தடவை நம்பர் போட்ட டோக்கன். பாதி அந்தப் பெண்ணின் கையில், பாதி அவள் படிவத்தில். முடிவு வந்ததும் கீழே டயர் கடைச் சுவரில் நம்பர்களை ஒட்டுவோம். டோக்கனைக் காட்டிக் கவரை வாங்கிக்கொள்ளலாம். அறுபது பேர் வந்தார்கள். விதி அவ்வளவு அழகாக வேலை செய்தது. இப்போது அதே விதிதான் எங்கள் கழுத்தைப் பிடித்திருந்தது.

படத்தில் சந்தேகம் வந்து சிவப்பு முத்திரை விழுந்தவர்கள் ஐந்து பேர். பெரிய ஆஸ்பத்திரியில் சதைப் பரிசோதனைக்கு ஐந்து இடம் வாங்கி வைத்திருந்தோம். நான்கு பேர் வந்து தங்கள் பேரைக் கொடுத்துவிட்டார்கள். ஐந்தாவது இடம் கைவிட்டுப் போனால் அடுத்தது மூன்று மாதம் கழித்துத்தான். இந்தக் கவருக்கு மூன்று மாதம் ரொம்ப அதிகம் என்று டாக்டர் போனில் சொல்லியிருந்தார். அதைச் சொல்லிவிட்டு அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லையாம். செயலாளர் அம்மா அந்த மௌனத்தைத்தான் இரண்டு தடவை எங்களுக்குச் சொன்னார்.

“கண்டக்டர், நீங்கதான் கண்டுபிடிக்கணும்.”

கண்டக்டர் என்றால் என் அத்தை. அப்பாவின் அக்கா. இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள். முட்டி தேய்ந்ததும் வேலையை விட்டாள். தோல் பையை மட்டும் விடவில்லை. இன்றைக்கும் அது அக்குளில்தான் இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறாள். வாங்கிப் போன விக்கைத் திருப்பித் தராத மூன்று பேரையும், இன்னொருத்தியின் ரிப்போர்ட்டை மாற்றி எடுத்துப் போய் இரண்டு நாள் தேவையில்லாமல் அழுதவளையும் அவள்தான் தேடிப் பிடித்தாள். ஆளைப் பிடிப்பதற்கு அவளுக்கு ஒரே ஒரு சூத்திரம். டிக்கெட் வாங்கினவன் கண்டக்டரைப் பார்ப்பான். வாங்காதவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான்.

எனக்கு வயது பதினாறு. அத்தை வைத்த பேர் அரை டிக்கெட். பயம் வந்தால் நான் ஜோக் அடிப்பேன். அன்று நிறைய அடித்தேன்.

அந்த டோக்கனை வெட்டிக் கொடுத்ததே நான்தான். அன்று பகலில் ஒரு பத்து நிமிஷம், டோக்கன் கிழித்துக் கொடுக்கிற அத்தையின் ஸ்டூலில் நான் உட்கார்ந்திருந்தேன். அப்போது அத்தை வந்து, ஒருத்தி கூச்சப்பட்டு வரிசைக்கு வராமல் மரத்தடியில் நிற்கிறாள், ஒன்று வெட்டிக் கொடு, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றாள். கத்தரிக்கோலால் கோணலாக வெட்டிக் கொடுத்தேன். அதுதான் நாற்பத்தொன்று.

செயலாளர் அம்மா அதைக் கேட்டதும் நிமிர்ந்தார். முகம் ஞாபகம் இருக்குமே என்றார். அத்தை இல்லை என்று தலையாட்டிவிட்டாள். துணியால் முகத்தை மூடியிருந்தாளாம். வெயில் வேறு. சரியாகப் பார்க்கவில்லையாம்.

“பத்து வருஷத்துக்கு முன்னாடி பாக்கி சில்லறை வாங்காம இறங்கினவனை இப்போ ரோட்ல அடையாளம் கண்டு நிறுத்திக் குடுத்தவங்க நீங்க,” என்றேன் நான். “மூணு வாரத்துல மெமரி கார்டு ஃபுல் ஆயிடுச்சா?”

“வயசாகுதுல்ல,” என்றாள் அத்தை. அவ்வளவுதான். வழக்கமாக இதற்கு என் காது திருகப்பட்டிருக்கும்.

நாற்பத்தொன்றின் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் டிக் அடிக்கிற கட்டங்கள் மட்டும்தான். வயது நாற்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவில். முகாம் பற்றி எப்படித் தெரிந்தது என்ற கேள்விக்கு ஆட்டோ ஒலிபெருக்கி, போஸ்டர், அக்கம்பக்கம் என்று மூன்று கட்டம். அவள் அடித்திருந்தது நடுக்கட்டத்தில்.

நான் அதை இரண்டு தடவை பார்த்தேன்.

“அத்தை, நாம போஸ்டரே ஒட்டலையே.”

உண்மை. பிரஸ்ஸில் தேதியைத் தப்பாக அடித்துவிட்டார்கள். முப்பது நாள் மாதத்தில் முப்பத்தொன்றாம் தேதி. கட்டைப் பிரிக்கக்கூட இல்லை. மேஜைக்கு அடியில் கிடக்கிறது. அத்தை அதன் மேல்தான் கால் வைத்துக்கொள்வாள், முட்டிக்கு நல்லதென்று.

“அந்தப் போஸ்டரைப் பாத்து ஒருத்தி வந்திருக்கான்னா, ஒண்ணு அவ காலண்டருக்கு வெளிய குடியிருக்கணும். இல்லைன்னா பிரஸ்ல வேலை பாக்கணும்.”

அத்தை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே யாரோ டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் எழுந்தாள்.

“சரி. பிரஸ்ஸுக்குப் போவோம்,” என்றாள்.

*

பிரஸ் இரண்டு தெரு தள்ளி. அத்தையின் முட்டிக்கு அது நான்கு தெரு. நடுவில் ஒரு கடை வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். வேண்டுமானால் உப்புமூட்டை தூக்கட்டுமா என்று கேட்டேன். முதலில் உன் ஸ்கூல் பையைத் தூக்கு என்றாள்.

பிரஸ்ஸில் மொத்தமே மூன்று பேர். முதலாளி, எழுத்துப்பிழை பார்க்கிற பெரியவர், பைண்டிங் அக்கா. முதல் இரண்டு பேருக்கும் மீசை இருந்ததால் விசாரணை சீக்கிரமே பைண்டிங் அக்காவிடம் வந்து நின்றது. நாற்பத்தைந்து வயதிருக்கும். பசை காய்ந்த விரல்கள். காகிதத்தை அடுக்கித் தட்டிக்கொண்டே பேசினார். முகத்தில் ஒரு வாரத் தூக்கம் பாக்கி இருந்தது. இவர்தான், இவரேதான், இவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தோன்றியது.

அத்தை அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, மேஜை மேல் இருந்த ரசீதுப் புத்தகத்தைத் திறந்தாள். பக்க அடையாளத்துக்கு ஒரு டோக்கன் பாதி செருகியிருந்தது. பதினேழு.

“இது நான் கிழிச்சது,” என்று என்னிடம் காட்டினாள். ஓரம் நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. “கட்டை விரல் நகத்துல கிழிச்சா இப்படித்தான் வரும். உன் கத்தரிக்கோல் வேலை இல்லை.”

பைண்டிங் அக்கா காகிதம் தட்டுவதை நிறுத்தினார்.

“எனக்கு ஒண்ணும் இல்லைன்னு அன்னைக்கே கவர் குடுத்தீங்களே. மறுபடி எதுக்கு ரெண்டு பேரும் வந்து என்னைய இப்படிப் பாக்குறீங்க? என்னைப் பாத்தா வியாதிக்காரி மாதிரியா இருக்கு?”

இல்லை, சம்பளம் ஒழுங்காகக் கிடைக்காதவர் மாதிரி இருக்கு என்றேன். முதலாளி உள்ளேயிருந்து இருமினார். அக்கா முதல் தடவையாகச் சிரித்தார். நாங்கள் எதற்கு வந்தோம் என்று அத்தை சொன்னதும் அந்தச் சிரிப்பு அப்படியே வற்றிவிட்டது. போஸ்டர் கட்டு அச்சாகி நேராகச் சென்டருக்குத்தான் போனது, நடுவில் யார் கண்ணிலும் பட்டிருக்காது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். பிறகு கவர் யாருடையதோ அந்தப் பெண்ணுக்குப் பிள்ளைகள் இருக்கா என்று கேட்டார். தெரியாது என்றாள் அத்தை.

வெளியே வந்ததும் நான் கணக்குப் போட்டேன். பிரஸ்காரர்கள் இல்லை என்றால் போஸ்டரைப் பார்த்தவர்கள் எங்கள் சென்டர் ஆட்கள் மட்டும்தான்.

“நம்ம ஆளுங்கள்ல ஒருத்தர் அத்தை.”

“தப்பாவும் டிக் அடிச்சிருக்கலாம்.”

“நீங்கதானே எப்பவும் சொல்வீங்க, தப்பு தானா நடக்காதுன்னு?”

அத்தை பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். ரொம்பக் களைத்துப் போயிருந்தாள். வேறு என்ன வழி இருக்கிறது என்று நான்தான் யோசித்தேன். அந்த மேமோகிராம் பஸ் ஊரை விட்டுப் போகவில்லை. ஏதோ பழுதாகி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அங்கே போகலாமா என்று கேட்டேன். முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, போகலாம் என்றாள்.

*

ஒர்க்‌ஷாப் வாசலில் சிமெண்ட் பெஞ்ச் ஒன்று இருந்தது. அத்தை அதில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பஸ் படி உயரம், முட்டி ஒத்துழைக்காது, நீயே போய்க் கேட்டுக்கொண்டு வா என்றாள்.

படம் எடுத்த டெக்னீஷியன் வேறு ஊருக்குப் போய்விட்டாராம். அங்கி கவனிக்கிற அக்கா மட்டும் இருந்தார். அவருடைய வேலை பஸ்ஸின் பின்பக்கம். திரைக்குப் பின்னால் பெண்கள் உடை மாற்றி, ஸ்டூலில் போட்டுவிட்டுப் போகிற அங்கிகளைச் சாயங்காலம் எண்ணி மூட்டை கட்டுவது. முகம் எதையும் பார்த்ததில்லை, துணியைத்தான் பார்த்தேன் என்றார். ஒவ்வொரு அங்கியிலும் டோக்கன் நம்பரை எழுதி ஒட்டிவிடுவார்களாம், கணக்கு தப்பாமல் இருக்க.

நாற்பத்தொன்று என்று சொன்னதும் அவர் முகம் மாறியது.

“அது ஞாபகம் இருக்கு. அம்பத்தொம்பது பேரும் கழட்டி வீசிட்டுப் போயிருந்தாங்க. நாப்பத்தொண்ணு மட்டும் மடிச்சு வச்சிருந்துச்சு. கைய ரெண்டையும் உள்ள விட்டு, மூணா மடிச்சு, அந்த நாடாவாலேயே சுத்தி முடிச்சுப் போட்டு. பார்சல் மாதிரி. எனக்குப் பிரிக்கவே மனசு வரலை.”

கையால் செய்து காட்டினார்.

எனக்கு அந்த மடிப்பு தெரியும்.

எங்கள் வீட்டில் துண்டு, போர்வை, தரை துடைக்கிற துணிகூட அப்படித்தான் இருக்கும். என் அம்மா ஒரு லாட்ஜின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஒரு நாளைக்கு இருநூறு துணி மடிக்கிற கை. அந்த முடிச்சை அம்மாவைத் தவிர வேறு யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

பஸ் படியில் எப்படி இறங்கினேன் என்று ஞாபகம் இல்லை. அத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் தெரியாதாம்.”

வாழ்க்கையில் அத்தையிடம் பொய் சொல்லித் தப்பித்ததே இல்லை. பேனா வாங்கினேன் என்று சொல்லி ஐஸ்கிரீம் சாப்பிட்டதை என் காலைப் பார்த்தே கண்டுபிடித்தவள். அன்று என்னைப் பார்க்கக்கூட இல்லை. சரி, வா என்றாள். திரும்பி வருகிற பஸ்ஸில் வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நான் என் பயத்திலேயே மூழ்கியிருந்ததால் அதைக் கவனித்தும் கவனிக்கவில்லை.

அம்மாவை நினைக்க நினைக்க எல்லாமே தடயமாகத் தெரிந்தது. போன வாரம் பாதிச் சாப்பாட்டில் தட்டை நகர்த்தி வைத்தாள். டிவி ஓடும்போதே தூங்கிப் போகிறாள். முந்தாநாள் என்னைக் கூப்பிட்டு, சும்மா, தலையைத் தடவினாள். சும்மா எதற்கு ஒருத்தி தலையைத் தடவ வேண்டும்? அப்பா லாரியோடு போனால் வர பத்து நாளாகும். பரீட்சை முடிகிற வரைக்கும் எனக்குத் தெரியக்கூடாது என்று அம்மா முடிவு செய்திருப்பாள். அவள் அப்படிச் செய்கிற ஆள்தான்.

அத்தை வழியிலேயே இறங்கிக்கொண்டாள். வார்டில் ஒரு பெண்ணுக்குத் துணைக்கு உட்காருகிற முறை அன்று அவளுடையது.

*

அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, முகம்கூடக் கழுவாமல் என் யூனிஃபார்மைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கதவருகிலேயே நின்றேன். கேட்டுவிட்டால் உண்மையாகிவிடும். கேட்காமல் இருந்தால் பத்து மணி வந்துவிடும்.

“அம்மா, அன்னைக்கு மேமோகிராம் பஸ்ஸுக்கு நீ போனியா?”

“போனேனே. ஏன்?”

அவ்வளவு சுலபமாகச் சொன்னாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். இதில் சொல்ல என்ன இருக்கிறது என்றாள் அம்மா. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்தாளாம். நான் அப்போது தண்ணீர் கேன் எடுக்கப் போயிருந்தேனாம். வரச் சொல்லி அத்தை ஒரு மாதமாகத் தொணதொணத்ததால் வந்தாளாம்.

“கவர்?”

“வாங்கிட்டேன். ஒண்ணும் இல்லைன்னு போட்டிருந்துச்சு. பீரோல இருக்கு, துணிக்கு அடியில.”

ஓடிப் போய் எடுத்தேன். பச்சை முத்திரை. டோக்கன் பாதி அதிலேயே குத்தியிருந்தது. நாற்பத்திரண்டு.

நாற்பத்திரண்டு.

பீரோ கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. அம்மா பயந்து போய் இஸ்திரிப் பெட்டியை அப்படியே துணி மேல் விட்டுவிட்டு ஓடி வந்தாள். என்னடி, யார் என்ன சொன்னது என்று தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். அங்கி விஷயத்தைச் சொன்னேன்.

“அதுவா? ஆமா, மடிச்சேன். ஆனா அது என்னோடது இல்லை. எனக்கு முன்னாடி போனவங்க கழட்டி ஸ்டூல்ல போட்டிருந்தாங்க. நான் திரைக்குள்ள போய்க் காத்துக்கிட்டு நின்னேனா, கை சும்மா இருக்கலை. என்னோடதை மடிக்க நேரமில்லை, அப்படியே போட்டுட்டு ஓடினேன். சூப்பர்வைசர் கத்துவான்.”

அப்படியென்றால் அம்மா அவளைப் பார்த்திருக்கிறாள். நாற்பத்தொன்று திரைக்கு வெளியே வரும்போது நாற்பத்திரண்டு எதிரில்தான் நின்றிருக்க வேண்டும்.

“உனக்கு முன்னாடி போனது யாரும்மா?”

அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

“யாரா? உங்க அத்தைதான். ஏன், அண்ணி உன்கிட்ட சொல்லலையா? எங்கிட்ட எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னாங்களே.”

இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் துணி லேசாகக் கருகுகிற வாசனை வந்தது. நாங்கள் இரண்டு பேருமே எழுந்து போகவில்லை.

*

மறுநாள் காலை ஒன்பது மணி பஸ். அத்தை வார்டிலிருந்து நேராக வந்து ஏறினாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்குத் திரும்பினாள்.

“நாப்பத்தொண்ணு யாருன்னு தெரிஞ்சுடுச்சு அத்தை.”

“யாரு?”

“ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டு வர்றவங்க.”

இரண்டு ஸ்டாப் போனது. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். அத்தை திரும்பவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா மடித்த அங்கி. காலடியில் இருக்கும் போஸ்டர் கட்டு. ஆயிரம் முகத்தை ஞாபகம் வைத்திருக்கிறவளுக்கு மறந்து போன ஒரே ஒரு முகம்.

“முட்டி வலின்னு பஸ்ஸுக்குள்ள வராம கீழயே உக்காந்தேனே. அதை விட்டுட்டியே,” என்றாள்.

“அதையும் பாத்தேன். பாவம்னு விட்டுட்டேன்.”

அவள் உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிப்பு மாதிரி இருந்தது, ஆனால் இல்லை.

“அப்போ நேத்து முழுக்க எதுக்கு அத்தை அலைஞ்சோம்?”

“தேடச் சொன்னாங்க, தேடினேன். கிடைக்கலைன்னு எழுதிக் குடுத்துடலாம்னு இருந்தேன். அரைகுறையா தேடிட்டு எழுத மனசு வரலை.” பையின் வாரை விரலில் சுற்றினாள். “முப்பத்தோரு பேரை அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன். அந்த வராண்டாவுல எத்தனாவது லைட் எரியாதுன்னு தெரியும். எந்த நர்ஸ் சிரிச்சா என்ன அர்த்தம்னு தெரியும். தெரியாதவங்க போயிடலாம்டி. எல்லாம் தெரிஞ்சவ எப்படிப் போறது?”

எனக்கு இதற்கு ஜோக் எதுவும் வரவில்லை.

அத்தை முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள். “செயலாளர்கிட்ட சொல்லப் போறியா?”

பேர் கேட்க மாட்டோம் என்ற பேனரை நான்தான் என் கையால் பெயிண்டில் எழுதினேன். அதை நம்பித்தான் அறுபது பேர் வந்தார்கள். அத்தையும் அந்த அறுபதில் ஒருத்தி. சொன்னால் அவளுக்கு நான் துரோகம் செய்ததாகும். சொல்லாவிட்டால் மூன்று மாதம். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தேன். அவள் பையின் மேல் கையை வைத்தேன்.

“சொல்ல மாட்டேன். பத்து மணி வரைக்கும் உங்க பக்கத்துலேயே நிப்பேன்.”

*

சென்டர் பெஞ்சில் மற்ற நான்கு பெண்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும் என்று அவர்களுக்கு அத்தைதான் விளக்க வேண்டும். எப்போதும் அவள்தான் விளக்குவாள். அவளைப் பார்த்ததும் நான்கு முகங்களும் கொஞ்சம் தெளிந்தன. அத்தை அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

செயலாளர் அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கிடைத்தாளா என்று கேட்டார். கிடைத்துவிட்டாள், பேரை அவளே சொல்ல வேண்டும் என்று நான் சொன்னேன். செயலாளர் அம்மா உடனே மாடிப்படியைப் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர்களும் பார்த்தார்கள். யாரோ ஏறி வரப் போகிறார்கள் என்று எல்லோரும் காத்திருந்தோம். ஒருத்தரும் வரவில்லை.

ஒன்பது ஐம்பது. ஒன்பது ஐம்பத்து நான்கு. செயலாளர் அம்மா பெருமூச்சு விட்டு நம்பரை அழுத்த ஆரம்பித்தார்.

அத்தை தன் பேரைச் சொன்னாள். இனிஷியலோடு, முழுசாக. வீட்டிலும் சென்டரிலும் யாரும் சொல்லாத பேர். ரேஷன் கார்டில் இருப்பது எனக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

செயலாளர் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“துணைக்கு வர்றவங்க பேரை அப்புறம் எழுதிக்கலாம் கண்டக்டர். முதல்ல பேஷண்ட் பேரு சொல்லுங்க.”

“அதைத்தான் சொல்றேன்.”

செயலாளர் அம்மா போனை மெதுவாக மேஜையில் வைத்தார். பிறகு மறுபடி எடுத்து, ஆஸ்பத்திரிக்கு அந்தப் பேரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். மணி பத்தாக மூன்று நிமிஷம் இருந்தது.

அத்தை வழக்கமாக உட்காருகிற நாற்காலி பெஞ்சுக்கு எதிரில் இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெஞ்சின் ஓரத்தில் இருந்த பெண், எல்லோரையும்விட வயதில் சின்னவள், பக்கத்தில் இருந்தவளை இடித்துக்கொண்டு ஒரு ஆள் அளவுக்கு நகர்ந்தாள். அத்தை போய் அங்கே உட்கார்ந்தாள்.

பிறகு அந்தச் சின்னவள் கேட்டாள்.

“வலிக்குமாக்கா?”

வந்தவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் என்று அத்தை முப்பத்தோரு பேருக்கும் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

“தெரியலம்மா,” என்றாள் அத்தை. “நாளைக்கு நான் முதல்ல போறேன். வந்து சொல்றேன்.”